அப்பாவின் போனும் தம்பியின் 23 வரி அட்டவணையும்

அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த புதுப் போன் நாலாவது நாளே பீரோவுக்குள் போய்விட்டது. பழைய போனை எடுத்து, சார்ஜர் சொருகுகிற இடத்தில் பச்சை பூத்திருந்ததை ஊக்கால் சுரண்டி, எப்படியோ உயிர் கொடுத்து, மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிட்டார். புதுச்சேரியில் இருந்து தம்பி கூப்பிட்டு, "அப்பாவுக்கு எதை வாங்கிக் கொடுத்தாலும் பிடிக்காதுக்கா, விட்டுடு" என்றான். அவன் வருத்தம் எனக்குப் புரிந்தது. அந்தப் போனைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தான். ஒரே விலையில் 5 மாடல்கள், 23 வரி எக்செல் அட்டவணை, ஒவ்வொரு வரிக்கும் மார்க், கடைசியில் கூட்டல், முதலிடம் வந்ததை வாங்கினான். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடியும், படகுகள் கடலுக்குப் போனதும் அப்பாவுக்கு வேலை தொடங்கிவிடும், அதற்குள் கையில் இருக்க வேண்டும் என்று அவனே பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போனான்.

அட்டவணையை நானும் நம்பினேன். கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் 14 வருஷமாக வேலை பார்க்கிறேன். காலையில் போனதும் முதல் வேலை அமிலத்தன்மை அளக்கிற பிஎச் மீட்டரை, அளவு தெரிந்த 4, 7, 9.2 கரைசல்களில் வைத்துச் சரிபார்ப்பது, அப்புறம்தான் மற்றதெல்லாம். "எனக்கென்னவோ இது நல்லா இருக்கிற மாதிரி தோணுது" என்று எந்த ரிப்போர்ட்டிலும் எழுத முடியாது. அதனால் அப்பா "இது எனக்குச் சரிப்படலம்மா" என்று சொன்னபோது வயசானவரின் பிடிவாதம் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். ஏன் சரிப்படவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

ஜூலையில் ஒரு நாள் லீவு போட்டு, பீரோவில் இருந்த போனையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு முதுநகர் துறைமுகத்துக்குப் போனேன். அவர் அங்கே மீன் ஏலத்தில் கணக்கு எழுதுகிறவர். எந்த வியாபாரி எத்தனை கூடை எடுத்தார், என்ன விலை என்று நோட்டில் எழுதி, அதையே வாட்ஸ்அப்பில் அவரவருக்கு அனுப்பி, பணம் வந்ததா என்று போனில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தம், இன்னொரு பக்கம் ஏலம் கூவுகிற சத்தம், காலுக்குக் கீழே மீன் தண்ணீர். "இந்தப் போன்லயே பண்ணுங்கப்பா, நான் பாக்கறேன்" என்றேன்.

ஒன்பது மணி வெயிலில் திரை முதலில் பளிச்சென்றுதான் இருந்தது. பத்து நிமிஷத்தில் போன் சுட ஆரம்பித்தது, திரை தானாக மங்கியது. அப்பா போனை நெஞ்சோடு சேர்த்து, இன்னொரு கையால் நிழல் கட்டி, கழுத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். கை ஈரம். தோளில் கிடந்த துண்டில் துடைத்துவிட்டு நம்பர் அழுத்தினால் 4 இடத்தில் 7 விழுந்தது. அழித்துவிட்டுத் திரும்ப அழுத்தினார். வஞ்சிரம் எடுத்த ஒரு வியாபாரி, "பெரியவரே, எவ்வளவுன்னு வாயால சொல்லுங்க போதும்" என்றார். அப்பா முகம் சுருங்கியதைப் பார்த்தேன். தம்பியின் 23 வரியில் அந்த இடத்துக்கென்று ஒரு வரிகூட இல்லை.

"உச்ச வெளிச்சம் 3000 நிட்ஸ்" என்று ஒரு வரி இருந்தது (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு), உண்மைதான். அது பொய்யான எண் இல்லை, வேறு கேள்விக்கான பதில். உச்ச வெளிச்சம் என்று கம்பெனிகள் போடுகிற எண் பெரும்பாலும் திரையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் எரியும்போது, அதுவும் கொஞ்ச நேரத்துக்குக் கிடைப்பது. வாட்ஸ்அப் மாதிரி முழுத்திரையும் வெள்ளையாக இருந்தால் அந்த அளவு வராது. போன் சூடானால் இன்னும் இறக்கிவிடும், ஏனென்றால் உள்ளே இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். அதோடு, நிட்ஸ் இரண்டு மடங்கானால் நம் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியாது, கொஞ்சம் கூடியிருப்பதாகத்தான் தெரியும். இதெல்லாம் லேபில் எனக்குத் தினமும் பழகிய விஷயம். எந்தச் சூட்டில் அளந்தோம் என்று எழுதாத அளவை எங்கள் மேனேஜர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார். போன் விஷயத்தில் மட்டும் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அன்று ராத்திரி தம்பியின் எக்செல்லை வாங்கித் திறந்தேன். பாதி வரிகள் ஆட்டம் விளையாடுவதற்கு வேண்டியவை. அதிக மார்க், போனின் வேகத்தைச் சோதிக்கிற ஆன்டுட்டு என்ற ஆப்பின் ஸ்கோருக்கு. ஆன்டுட்டு என்ன செய்கிறது என்றால், பிராசஸர், கிராபிக்ஸ், மெமரி, பயன்பாட்டு வேகம் என்று தனித்தனியாகச் சோதித்து எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டிக் கொடுக்கிறது. எதற்கு எத்தனை பங்கு என்பதை அந்த ஆப்பைச் செய்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவும் ஒருவருடைய விருப்பம்தானே? தம்பி அதற்கு மேல் தன் விருப்பத்தையும் மார்க்காகப் போட்டிருக்கிறான். நான் அவன் போட்ட எண்களைத் தொடவே இல்லை, கிராபிக்ஸுக்கான பங்கை மட்டும் பூஜ்யமாக்கி, எடைக்கும் ஸ்பீக்கர் சத்தத்துக்கும் கூட்டினேன். முதலாவது மூன்றாவதாக இறங்கியது, நாலாவது மேலே வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து, "அப்ப என்னோட டேபிள்ல இருந்ததும் என்னோட ஆசைதானாக்கா?" என்று கேட்டான்.

ஆமாம், ஆனால் அதில் தப்பில்லை. அவனுக்கென்று வாங்கினால் அந்த அட்டவணை சரியாக இருந்திருக்கும்.

ஸ்கோர் பற்றி இன்னொன்று. 2022 மார்ச்சில் கீக்பெஞ்ச் என்கிற இன்னொரு ஸ்கோர் ஆப், சாம்சங்கின் கேலக்ஸி எஸ்10 முதல் எஸ்22 வரையான போன்களைத் தன் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. அந்தப் போன்களில் இருந்த ஒரு மென்பொருள் ஏகப்பட்ட ஆப்களின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது, ஆனால் ஸ்கோர் பார்க்கிற ஆப்பை மட்டும் குறைக்காமல் விட்டிருந்தது. சோதிக்கும்போது ஒரு நடை, பழகும்போது ஒரு நடை. அதோடு ஆன்டுட்டுவில் ஒரு பதிப்பின் எண்ணையும் அடுத்த பதிப்பின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது, ஆனால் ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். ஸ்கோர் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே பதிப்பில், வரிசையாக நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள். முதல் தடவைக்கும் ஐந்தாவது தடவைக்கும் எவ்வளவு விழுகிறது என்பதில்தான் எனக்கு உபயோகமான தகவல் கிடைத்தது, போன் சூடானால் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தது.

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் சித்தப்பா பையனிடம் அந்த நாலாவது மாடல் இருந்தது. ஒரு வாரத்துக்கு வாங்கி வந்து இரண்டையும் வைத்து வீட்டிலேயே அளந்தேன். விலை உயர்ந்த கருவி எதுவும் என்னிடம் கிடையாது, சமையலறைத் தராசும் என் சொந்தப் போனும்தான்.

வெயிலுக்கு மொட்டை மாடி. காலை பதினொரு மணிக்கு இரண்டு போனிலும் ஒரே வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, வெளிச்சத்தை ஆட்டோவில் விட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் போனால் இரண்டையும் ஒரே படத்துக்குள் எடுத்தேன். என் கேமரா நிட்ஸ் அளக்கிற கருவி இல்லை, ஆனாலும் ஒரே படத்துக்குள் இருக்கும்போது எது வெளிச்சம், எது மங்கல் என்று ஒப்பிடலாம். இருபது நிமிஷம் கழித்து மறுபடி எடுத்தேன். முதல் படத்தில் 3000 நிட்ஸ் போன் பளபளவென்று இருந்தது. இரண்டாவது படத்தில் 1200 நிட்ஸ் என்று போட்டிருந்த போன்தான் வெளிச்சமாகத் தெரிந்தது, அது சூட்டைத் தாங்கி அப்படியே நின்றது.

ஈர விரலுக்கு, ஐஸ் தண்ணீரில் விரலை நனைத்து, துண்டில் ஒரு தடவை மட்டும் துடைத்து, பத்து இலக்க நம்பரை 20 தடவை அழுத்தினேன். முதல் போனில் 7 தடவை தப்பு, இரண்டாவதில் 3. இதோடு நிறுத்தியிருந்தால் தப்பாக முடிவு செய்திருப்பேன். முதல் போனில் கடைக்காரர் போட்டுக் கொடுத்த தடியான டெம்பர்டு கிளாஸ் இருந்தது, இரண்டாவதில் இல்லை. கிளாஸை உரித்துவிட்டு மறுபடி 20 தடவை அழுத்தியதில் 4 தப்புதான். 3-க்கும் 4-க்கும் நடுவில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அப்பாவைப் படுத்தியதில் பாதி அந்தக் கண்ணாடி, அதற்கான பழியைப் போன் சுமந்தது.

பேட்டரிக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன், அதில்தான் ஏமாறவும் சுலபம். வெளிச்சக் கோடு பாதியில் இருந்தால் இரண்டு போனிலும் ஒரே வெளிச்சம் என்று அர்த்தமில்லை, இருட்டறையில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் சமப்படுத்த வேண்டியிருந்தது. சதவீதத்தையும் நம்பக்கூடாது, 100-இல் இருந்து 90 வர ஒரு போன் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளும், அப்புறம் 30-க்குக் கீழே மடமடவென்று இறங்கும். அதனால் ஏரோபிளேன் மோடில் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, தானாக அணைகிற வரை வைத்தேன். முதல் நாள் முதல் போன் 25 நிமிஷம் அதிகம் ஓடியது. மறுநாள் அதே சோதனையில் இரண்டாவது போன் 15 நிமிஷம் அதிகம். மூன்றாவது நாள் கிட்டத்தட்ட சமம். எங்கள் லேபில் இதற்கு நேரடியான விதி உண்டு: ஒரே பொருளை மூன்று தடவை அளக்கும்போது வருகிற ஆட்டத்தை விட, இரண்டு பொருளுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம் சின்னது என்றால், இரண்டும் சமம் என்று எழுத வேண்டும். சமம் என்று எழுதினேன். தம்பியின் அட்டவணையில் இதே பேட்டரிக்கு 10-க்கு 9, 10-க்கு 7 என்று இருந்தது.

சிக்னலும் அதே மாதிரி. மேலே தெரிகிற கோடுகளை எண்ண வேண்டாம், எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் சிக்னலின் பலத்தைச் சொல்கிற டிபிஎம் என்று மைனஸ் எண் இருக்கும். அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வர நல்லது, 3 குறைந்தால் சக்தி பாதி. ஒரே சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு, சமையலறையில் ஒரே இடத்தில் நின்று பத்து தடவை குறித்தேன். நான் திரும்பி நின்றாலே 5, 6 மாறியது. போனுக்கும் போனுக்கும் அவ்வளவு வித்தியாசம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

படம் எடுப்பதில்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு கருத்து. என் கணவர் விலை அதிகமான போனின் படம்தான் நல்லா இருக்கும் என்பார். சரி, பார்த்துவிடலாம் என்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாயங்காலம் எடுத்தது, வீட்டு டியூப்லைட்டில் எடுத்தது, சித்தியின் முகம், சாம்பார் கிண்ணம் என்று 10 ஜோடிப் படங்கள் சேர்த்தேன். இந்தத் தடவை விலை கூடிய என் கணவரின் போனையும் அந்த நாலாவது மாடலையும் வைத்து எடுத்தேன். என் பெண் காசு சுண்டிப் பார்த்து ஒவ்வொரு ஜோடியிலும் எது முதலில் என்று முடிவு செய்து, பெயரை மாற்றி, பென்டிரைவில் போட்டு டிவியில் காட்டினாள். எந்தப் படம் எந்தப் போன் என்று எனக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை, அது படத்தைச் சுருக்கி வித்தியாசத்தையே தின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்து, வரிசையை மாற்றி இன்னொரு தடவை.

அம்மா 10-இல் 9 ஜோடிகளுக்கு இரண்டு தடவையும் ஒரே படத்தைக் கை காட்டினார். எப்போதும் வெளிச்சம் கூடிய படம். என் கணவர் 10-இல் 5 தான், பாதியில் மாறிவிட்டார், அதாவது கம்பெனிப் பெயர் தெரியாதபோது அவருக்கு இரண்டும் ஒன்றுதான். அம்மாவின் விருப்பம் அசையாமல் நின்றது. அது தராசு காட்டுகிற எடை மாதிரி உறுதியான விஷயம், "வெறும் ருசி" என்று தள்ளக்கூடாது. அம்மாவுக்குப் போன் வாங்குகிறவர் அதைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

சித்தி ஒரு படத்தில் நிறுத்தச் சொன்னார். அவருடைய முகம்தான், கன்னத்தில் இருக்கிற அம்மைத் தழும்பு காணோம், நிறமும் இரண்டு படி வெளுத்திருந்தது. "இது யாரு? என்னைப் பெத்தவளுக்கே என்னை அடையாளம் தெரியாது இதுல" என்றார். இன்னொரு படத்தில் அவர் நிறம் அப்படியே இருந்தது, கூர்மை மட்டும் கொஞ்சம் குறைவு. அவர் அதைத்தான் எடுத்தார், இரண்டு தடவையும். இதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. தோலை வெளுப்பாக்குவது, வழவழப்பாக்குவது எல்லாம் யாரோ ஓர் இடத்தில் உட்கார்ந்து "இதுதான் அழகு" என்று முடிவு செய்து மென்பொருளில் வைத்தது, மெகாபிக்சல் எண்ணிக்கையில் இது எங்கேயும் தெரியாது. போன் வாங்கும்போது கேமராவில் பியூட்டி என்கிற அமைப்பை முழுசாக அணைத்துவிட்டு, உங்கள் வீட்டில் இருக்கிற கறுப்பான முகத்தை எடுத்துப் பாருங்கள். கடையில் எடுத்தால் கடை விளக்கு எல்லாவற்றையும் அழகாகக் காட்டிவிடும்.

கடை விளக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். நேர் வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ், கடைக்குள் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில், "அண்ணா, வாசல் வரைக்கும் எடுத்துட்டுப் போய் பாக்கலாமா?" என்று கேட்டேன், அவரே கூட வந்து காட்டினார். கேட்டால் யாரும் மறுப்பதில்லை, நாம்தான் கேட்பதில்லை.

தூசும் தண்ணீரும் புகாது என்பதற்கு ஐபி68 என்று போட்டிருப்பதைப் பற்றித் துறைமுகத்துப் பக்கம் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை. அப்பாவின் பழைய போனில் பச்சை பூத்ததற்குக் காரணம் உப்பு ஈரத்தோடு சார்ஜ் போட்டதுதான். இப்போது வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகுதான் சார்ஜர்.

அப்பாவையும் கடைக்குக் கூட்டிப்போனேன். போனைக் கையில் எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல ரேடியோ வருமா?" கடைக்காரப் பையன் யோசித்தான். எனக்கு உடனே புரிந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் போய்ப் பல நாள் வரவில்லை, டவரும் இல்லை, பக்கத்து வீட்டு ரேடியோதான் எங்களுக்குச் செய்தி. அந்த நாலாவது மாடலில் எஃப்எம் இருந்தது, ஹெட்போன் வயரைச் சொருகினால்தான் எடுக்கும், அதுதான் ஏரியல். தம்பியின் அட்டவணையில் ஹெட்போன் ஓட்டைக்கு மார்க்கே இல்லை, "பழைய டெக்னாலஜி" என்று எழுதி வைத்திருந்தான்.

அப்புறம் எடை. உறையோடு தராசில் வைத்ததில் முதல் போன் 231 கிராம், இது 204. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து நிமிர்கிறவருக்கு 27 கிராம் தெரியும். ஆனால் அப்பா எடையைப் பற்றிப் பேசவில்லை. இரண்டையும் மாறி மாறிக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது கைல உக்காருதும்மா" என்றார். ஏன் என்று நான் துருவவில்லை. முதுகு வளைவா, ஓரமா, கட்டைவிரல் எட்டுகிற தூரமா, எதுவாகவும் இருக்கலாம். அளக்க முடிந்ததை எல்லாம் அளந்தாகிவிட்டது, அது ஒன்றை அவர் சொல்வதை வைத்தே எடுத்துக்கொண்டேன்.

முதல் போனைத் தம்பி எடுத்துக்கொண்டான். லாஸ்பேட்டையில் அவன் அறையில் வெயிலும் இல்லை, மீன் தண்ணீரும் இல்லை, ராத்திரி ஆட்டம் விளையாடும்போது அந்தப் போன் அவன் எதிர்பார்த்த மாதிரியே ஓடுகிறதாம்.

போன மாதம் அம்மாவின் போன் திரை உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். லேப்டாப்பைத் திறக்கவில்லை, நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்து, "அம்மா, போன் அடிக்கும்போது பெரும்பாலும் நீ என்ன பண்ணிட்டிருப்ப?" என்று கேட்டான். அம்மா கிரைண்டரை வழித்துக்கொண்டிருந்தார். "மாவுக் கையோட இருப்பேன், வேற என்ன" என்றார். முதல் வரியாக அதை எழுதிவிட்டு, பாத்திரத்தில் இருந்த மாவில் விரலைத் தொட்டு, என் போனை வாங்கி, பச்சைப் பட்டனை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தான். நான் என் கணவரின் போனிலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். 20 தடவை. ஒவ்வொரு தடவையும் நோட்டில் டிக் அடித்தான்.